அத்தியாயம் 3: வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா?

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டரோ ஒரு வருடமோ படிக்க வருகிறவர்களுக்கு, அவர்கள் சென்னையிலிருந்து வந்தாலும் கோலாலம்பூரிலிருந்து வந்தாலும் ரொறன்ரோவிலிருந்து வந்தாலும், விசாவுக்கு அடுத்த தலைவலி அறைதான். பல்கலைக்கழக விடுதிகளில் இடம் குறைவு. இருக்கும் இடமும் யாழ்ப்பாணம், அம்பாறை, மொனராகலை என்று தூரத்திலிருந்து வரும் உள்நாட்டு மாணவர்களுக்கே முதலில் போகும், அது நியாயமும்கூட. ஆகவே வெளியே அறை பார்க்க வேண்டிவரும். தமிழ் பேசுகிற மாணவர் என்று தெரிந்தால் யாரைக் கேட்டாலும் இரண்டு பெயர்களைத்தான் சொல்வார்கள்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை. தபால் முகவரியில் முதலாவது கொழும்பு 06, இரண்டாவது கொழும்பு 13. ஒரே நகரத்தின் தென்முனையும் வடமுனையும் அவை. இரண்டிலும் தமிழ் கேட்கும், ஆனால் கேட்கும் தமிழ் ஒன்றல்ல.

வெள்ளவத்தை காலி வீதியை முதுகெலும்பாகக் கொண்டது. வீதியின் மேற்குப் பக்கம் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள்: இராமகிருஷ்ண வீதி, சார்ல்மன்ட் வீதி, பொஸ்வெல் பிளேஸ். அவை முடியும் இடத்தில் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ஒரு காலத்தில் முற்றமும் மாமரமும் உள்ள வீடுகள் இருந்த இந்த ஒழுங்கைகளில் இப்போது எட்டு மாடி, பத்து மாடி ஃப்ளாட்டுகள். குடியிருப்பவர்களில் வடக்கிலிருந்து வந்தவர்கள் அதிகம். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, தாங்கள் மட்டும் இங்கே இருக்கும் வயதானவர்களும் கணிசம். அவர்களுடைய மூன்றறை வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு அறைதான் பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கப்போகும் அறை.

கொட்டாஞ்சேனை இதைவிடப் பழையது, நெருக்கமானது, கலப்பானது. துறைமுகத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் கத்தோலிக்கத் தமிழர், கொழும்புச் செட்டிகள், மலையகத்திலிருந்து வந்து நிலைத்தவர்கள், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் ஒரே ஒழுங்கைக்குள் இருப்பார்கள். புனித லூசியாள் பேராலயமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லில் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. ஜம்பட்டா வீதியில் மாலையில் நடந்தால் மூன்று மொழிகள் காதில் விழும், ஒருவரே மூன்றையும் பேசுவதும் விழும். வாடகை பொதுவாக வெள்ளவத்தையைவிடக் குறைவு. புறக்கோட்டை மொத்தக் கடைகளும் செட்டியார் தெருவும் பக்கத்தில். குறை என்னவென்றால் பல்கலைக்கழகம் தூரம், கரையோர ரயில் இந்தப் பக்கம் வராது, பெருமழைக்குச் சில தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் ஏறும்.

என் கருத்தைக் கேட்டால்: ஒரு செமஸ்டர் மட்டும் என்றால் வெள்ளவத்தை. பதினைந்து வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதில் பஸ்ஸில் கழிக்கும் நேரம் வீண். ஒரு வருடம் இருப்பவர் முதல் மூன்று மாதத்தை வெள்ளவத்தையில் கழித்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. காலி வீதியில் கட்டுபெத்தை நோக்கித் தெற்கே போக வேண்டியவர்கள் கொட்டாஞ்சேனையை மறந்துவிடலாம்.

அறை தேடும் முறை

இணைய விளம்பரங்கள் இருக்கின்றன. ஆனால் வெள்ளவத்தையில் நல்ல அறைகள் பாதி விளம்பரத்துக்கே வருவதில்லை. ஞாயிறு வீரகேசரியிலும் தினக்குரலிலும் சிறு விளம்பரப் பக்கம் பாருங்கள். கோயில் அறிவித்தல் பலகை, பலசரக்குக் கடைக் கண்ணாடியில் ஒட்டிய துண்டுத் தாள், துறையிலுள்ள தமிழ் மாணவர் ஒருவரின் பெரியம்மா: இந்த மூன்றும் விளம்பரத்தைவிட நம்பகமானவை. தரகர் மூலம் போனால் வழக்கமாக ஒரு மாத வாடகை அவருக்குக் கொடுக்க வேண்டும். அறையைப் பார்ப்பதற்கு முன்பே பணம் கேட்கும் தரகரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். நாட்டுக்கு வரும் முன்பே அறைக்கு முற்பணம் அனுப்பவும் வேண்டாம். முதல் பத்து நாளுக்கு ஒரு லொட்ஜிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கிக்கொண்டு, நேரில் பார்த்துப் பிடியுங்கள்.

கிடைக்கக்கூடியவை மூன்று வகை. ‘போர்டிங்’ என்றால் வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ் ஓர் அறை, சில வீடுகளில் சாப்பாட்டோடு. ‘அனெக்ஸ்’ என்றால் அதே வளவுக்குள் தனி வாசலுள்ள சிறு பகுதி. மூன்றாவது, நாலைந்து மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் ஃப்ளாட். பரிமாற்ற மாணவருக்கு நான் சொல்வது போர்டிங். ஃப்ளாட்டுக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று அட்வான்ஸ் கேட்பார்கள், நீங்கள் இருக்கப்போவதே அவ்வளவுதான். போர்டிங்கில் ஒன்றிரண்டு மாதத்தோடு முடியும்.

நேர்முகம் ஒன்று நடக்கும் என்பதை எதிர்பாருங்கள். விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, “தம்பி இந்தியாவில எவடம்? அப்பா என்ன செய்யிறார்? சமைப்பீங்களோ, கடையில சாப்பிடுவீங்களோ? இரவு எத்தனை மணிக்கு வருவீங்கள்?” என்று கேள்விகள் வரும். இதில் சில உங்களுக்கு மூக்கை நுழைப்பதாகத் தோன்றலாம். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். கேட்பவர் தன் வீட்டுக்குள் ஒரு அந்நியரை விடப்போகிறவர். வீட்டுக்கார அம்மாவை ‘அன்ரி’ என்பதும் ஐயாவை ‘அங்கிள்’ என்பதும் வெள்ளவத்தை வழக்கம். ‘வாங்க, சொல்லுங்க’ என்ற உங்கள் பேச்சை மாற்றவேண்டியதில்லை. சின்னத்திரை புண்ணியத்தில் தமிழ்நாட்டுப் பேச்சு இங்கே எல்லோருக்கும் விளங்கும். அவர்களுடைய ‘வாங்கோ, இருங்கோ’வை நடித்துக் காட்டுவதை மட்டும் தவிருங்கள். நீங்கள் அன்பாகச் செய்வது அவர்களுக்குக் கேலியாகப் படும்.

உங்கள் பக்கத்துக் கேள்விகளும் உண்டு. மின்கட்டணம் வாடகையோடு சேர்ந்ததா, தனி மீட்டரா? இதை விடாமல் கேளுங்கள். இலங்கையில் மின்சாரத்தைப் பாவிக்கப் பாவிக்க ஓர் அலகின் விலையே படிப்படியாக ஏறும். வீட்டு மீட்டரிலேயே உங்கள் ஏசியும் ஓடினால் மொத்த வீடும் மேல்படிக்கு ஏறிவிடும், மாத முடிவில் அந்தக் கூடுதலை யார் தலையில் கட்டுவது என்று சண்டை வரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்தச் சண்டைகள் பெருகிவிட்டன. அடுத்து, தண்ணீர்த் தாங்கி எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவப்படுகிறது, லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா, சமையலறை எந்த நேரம் கிடைக்கும், மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமா, வெள்ளிக்கிழமை சமைக்கலாமா. பல சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை முட்டைகூட உள்ளே வராது. மாணவிகளிடம் இரவு எட்டரைக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நூலகத்தில் இரவு வரை இருக்க வேண்டியவர் அந்த வீட்டை எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டு வாதாடிப் பயனில்லை. அட்வான்ஸுக்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். ‘எங்களுக்குள் என்ன ரசீது’ என்று அன்ரி சிரித்தாலும் வாங்குங்கள்.

கடவுச்சீட்டின் பிரதி கேட்பார்கள். விசாப் பக்கத்தின் பிரதி கேட்பார்கள். பல்கலைக்கழகக் கடிதம் கேட்பார்கள். சிலர் இவற்றை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போய் அறிவித்துவிட்டும் வருவார்கள். இந்த அளவு எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நீங்கள் முகம் சுளிக்க மாட்டீர்கள். 1983 ஜூலை இனவன்முறையில் இந்தக் காலி வீதியில்தான் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. போர்க்காலத்தில் வீட்டில் யார் தங்குகிறார் என்று பொலிஸில் பதிவது கட்டாயமாக இருந்தது. பதியாத விருந்தாளி ஒருவரால் வீட்டுக்காரர் உள்ளே போகலாம் என்ற நிலை. 2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 370க்கும் மேற்பட்டவர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மருத்துவத்துக்கு வந்தவர்களும் வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்களும் அதில் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. போர்க்கால அவசரகாலச் சட்டம் 2011 ஓகஸ்டோடு நீங்கிவிட்டது. ஆனால் அறை வாடகைக்கு விடுகிறவரின் பழக்கம் சட்டத்தோடு நீங்குவதில்லை. ஐந்தாறு பிரதிகளை முன்கூட்டியே எடுத்து ஒரு உறையில் போட்டுக்கொண்டு போங்கள், கேட்கும் முன்பே நீட்டுங்கள். அறை கிடைப்பது எளிதாகும்.

இதே காரணத்தால், வீட்டுக்காரரிடம் ‘எண்பத்து மூன்றில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்’ என்று நீங்களாகக் கேட்காதீர்கள். குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேடைகளில் கேட்ட ஈழம் வேறு, மகனைத் தொலைத்த ஒரு தாயின் வீட்டில் குடியிருப்பது வேறு. அவர்கள் பேசத் தொடங்கினால் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

விசா பற்றிச் சுருக்கமாக: சுற்றுலா விசாவில் வந்து படிக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் சர்வதேசப் பிரிவு தரும் கடிதத்தோடு மாணவருக்கான வதிவிட விசா எடுக்க வேண்டும். அந்த வேலை பத்தரமுல்லையில் ‘சுஹுருபாய’ கட்டடத்திலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில். காலையிலேயே போங்கள், கறுப்புப் பேனாவும் பசையும் கொண்டுபோங்கள், அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

போக்குவரத்து

காலி வீதியில் நின்றால் 100, 101 இலக்க பஸ்கள் விடாமல் வரும். இவை பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வழியாகப் புறக்கோட்டை போகும். பல்கலைக்கழக வாசலுக்குப் போகா. வாசலுக்கே போவது 155. தெற்கிலிருந்து வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வந்து, அங்கே காலி வீதியை விட்டுத் திரும்பி, பல்கலைக்கழகம், நகர மண்டபம், மருதானை, ஆமர் வீதி வழியாகக் கொட்டாஞ்சேனையைத் தொட்டு மட்டக்குளி வரை போகும் பஸ் அது. நீங்கள் எந்த முனையில் குடியிருந்தாலும் உங்கள் பஸ் அதுதான். 100 போல அடிக்கடி வராது. அதனால் காலை விரிவுரைக்கு 155ஐ மட்டும் நம்பாமல், பம்பலப்பிட்டிச் சந்தி வரை ஏதாவது ஒரு பஸ்ஸில் வந்து அங்கிருந்து நடப்பதற்கும் தயாராக இருங்கள். கொண்டக்டரிடம் ‘கெம்பஸ்’ என்றால் போதும். சில்லறை வைத்திருங்கள், டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். முன் ஆசனத்தில் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். வெறுமையாக இருந்தால் இருக்கலாம். காவியுடை ஏறினால் எழுந்துவிட வேண்டும்.

வெள்ளவத்தைவாசிக்கு ரயிலும் உண்டு. வெள்ளவத்தைக்கு அடுத்தது பம்பலப்பிட்டி, அதற்கடுத்தது கொள்ளுப்பிட்டி. பம்பலப்பிட்டியில் இறங்கி உள்ளே இருபது நிமிடம் நடந்தால் வகுப்பு. மாதச் சீசன் எடுத்துவிட்டால் இதைவிட மலிவான பயணம் இல்லை, கடற்காற்றும் இலவசம். காலை எட்டு மணி ரயிலில் படியில் தொங்குவதை உள்ளூர் மாணவர்கள் வீரமாக நினைப்பார்கள். நீங்கள் அடுத்த ரயிலுக்கு நில்லுங்கள். இன்னொன்று: மாலையில் தண்டவாளத்தின் மேல் நடந்தபடி போனில் பேசும் கூட்டத்தை மரைன் டிரைவ் ஓரமாகப் பார்ப்பீர்கள். அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது. ஒவ்வொரு வருடமும் இந்தக் கரையில் ஆட்கள் அடிபட்டுச் சாகிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கடலில் இறங்கவும் வேண்டாம்.

ஓட்டோவுக்கு பிக்மீ அல்லது ஊபர். தெருவில் மறித்தால் மீட்டர் போடச் சொல்லுங்கள், மாட்டேன் என்றால் அடுத்தது. ஏறிய பிறகு பேரம் பேசுவது தோற்ற ஆட்டம்.

சாப்பாடு

அறை கிடைத்த மாணவர்கள் அடுத்துக் குறை சொல்வது சாப்பாட்டைப் பற்றி. அது நியாயமான குறையல்ல. வெள்ளவத்தைக் காலி வீதியளவுக்குத் தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும் தெரு கொழும்பில் வேறில்லை. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், மாலையில் தோசையும் வடையும். பம்பலப்பிட்டி ஷ்ரப்பரி கார்டன்ஸில் இருக்கும் கிறீன்லண்ட்ஸ் போன்ற பழைய சைவக் கடைகளில் வாழையிலைக்காரருக்கு மனம் நிறையும். ஆனால் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் பணம் கரையும். நாட்டு மாணவர் செய்வது இதுதான்: காலைக்கு ஒரு இறாத்தல் பாணும் வீட்டில் இடித்த சம்பலும், மத்தியானம் கன்டீனில் சோறு அல்லது வீட்டுச் சமையல்காரர் கொடுக்கும் பார்சல், இரவு மட்டும் கடை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டில் சமைத்து மத்தியானப் பார்சல் கட்டிக் கொடுக்கும் பெண்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருப்பார். மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம். கடைச் சோற்றைவிட அதில் கீரை அதிகம், எண்ணெய் குறைவு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு கேள்வியைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: ‘மாசி போட்டதா?’ சைவக் கடைக்கு வெளியே, மரக்கறிச் சாப்பாடு என்று தரும் பார்சலிலும் சம்பலிலும் சில கறிகளிலும் மாசிக்கருவாட்டுத் தூள் இருக்கும். போடுகிறவர் அதை மீனாகவே கணக்கெடுக்க மாட்டார், உப்பு புளி போல ஒரு ருசிச் சாமான். பல்கலைக்கழகக் கன்டீனிலும் இதே கதை. பேக்கரிப் பலகாரத்தில் முக்கோண ரொட்டி பெரும்பாலும் மரக்கறி, ரோல்ஸ் பெரும்பாலும் மீன். கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

தேநீர் விரும்பிகளுக்குச் சொர்க்கம், ஃபில்டர் காப்பிக்காரர்களுக்குச் சோதனை. ஊரிலிருந்து ஃபில்டரும் தூளும் கொண்டுவாருங்கள், வேறு எந்த மளிகைச் சாமானும் வேண்டாம். இந்தியப் பலசரக்கு அத்தனையும் வெள்ளவத்தையில் இருக்கிறது. சிவப்பரிசிச் சோற்றுக்குப் பழக ஒரு வாரம் போதும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பல்கலைக்கழகத்துக்குள்

1921இல் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய இடம் இது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமானது. இந்த வரலாற்றைப் பற்றி நோட்டீசுகளில் நிறைய இருக்கும். உங்களுக்கு உடனே வேண்டியது வேறு: கிரெடிட் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து 50 மணி நேரப் படிப்பு. முழுநேர மாணவருக்கு வருடத்துக்கு 30 கிரெடிட். ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம், வருடத்துக்கு 60. இந்தியாவின் புதிய தேசியக் கிரெடிட் சட்டகத்தில் வருடத்துக்கு 1200 மணி நேரம், 40 கிரெடிட். இங்கே 12 கிரெடிட் எடுத்துவிட்டு ஊருக்குப் போனால், இலக்கத்தை மட்டும் பார்க்கும் அலுவலர் உங்களுக்கு 12தான் போடுவார், கிட்டத்தட்டப் பாதி உழைப்பு காணாமல் போகும். எந்தப் பாடத்துக்கு அங்கே எத்தனை என்று உங்கள் துறைத்தலைவரின் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும். வந்த பிறகு மின்னஞ்சலில் கேட்பது சரிவராது.

நாட்காட்டியை நம்பாதீர்கள். இது கிண்டல் அல்ல. 2012இல் விரிவுரையாளர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் ஒதுக்கக் கோரி ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. நூலகம், அலுவலகம், பரீட்சை எல்லாம் நின்றன. திரும்பும் டிக்கெட்டைத் திகதி மாற்றக்கூடியதாக எடுங்கள். விசாவை செமஸ்டர் முடிவுக்குப் பிறகும் ஒன்றிரண்டு மாதம் இருக்கும்படி கேளுங்கள். வேலைநிறுத்தம் வந்தால் அறையில் குப்புறப் படுக்காமல் பக்கத்திலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கோ, கொழும்புப் பொது நூலகத்துக்கோ, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்துக்கோ போங்கள். தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது, நடந்தே போகலாம். ஈழத்துப் பழைய சஞ்சிகைகளுக்கு ‘நூலகம்’ எண்ணிமத் தளம் இலவசம். புதிய புத்தகங்களுக்குப் பூபாலசிங்கம் புத்தகசாலை.

பகிடிவதையை (ராகிங்) தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு மாணவரைப் பொதுவாகத் தொடமாட்டார்கள். ஆனால் உங்கள் வகுப்பிலுள்ள முதலாண்டு மாணவர்கள் சிலர் திடீரென்று ஒரே மாதிரி உடுப்பில் தலைகுனிந்து நடந்தால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அதை ‘உள்ளூர்க் கலாசாரம்’ என்று ரசித்துப் படம் எடுக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தைச் சுற்றிய வீதிகளில் மாணவர் ஆர்ப்பாட்டமும் பொலிஸின் தண்ணீர்த் தாரையும் கண்ணீர்ப்புகையும் அவ்வப்போது நடக்கும். விசாவில் இருப்பவர் அந்தப் பக்கத்து வாசலைத் தவிர்த்து மறுவாசலால் போவது நல்லது.

காலி வீதியைத் தாண்டுங்கள்

வெள்ளவத்தையில் ஒரு வருடம் ஒரு சிங்களச் சொல் தெரியாமல் வாழ்ந்துவிடலாம். கடைக்காரர் தமிழ், மருந்துக்கடை தமிழ், அன்ரி தமிழ், கோயில் தமிழ். இந்த வசதிதான் இங்கே வரும் தமிழ் மாணவரைக் கெடுப்பதும். கண்டியில் 1980களிலிருந்து நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் படிப்புத் திட்டம் தன் மாணவர்களை உள்ளூர்க் குடும்பங்களில் தங்கவைத்துச் சிங்களமும் கற்பித்தது. ஒஹையோவிலிருந்து வந்த பிள்ளை நாலு மாதத்தில் சந்தையில் பேரம் பேசக் கற்றுக்கொண்டு போகும்போது, இராமேசுவரத்துக் கரையில் பிறந்த நாம் ‘கீயத’ (எவ்வளவு) கூடத் தெரியாமல் திரும்பினால் அது வெட்கம். நான் ஒரு வருடக்காரரைக் கொட்டாஞ்சேனைக்கு மாறச் சொல்வது இதனால்தான். அங்கே பக்கத்து வீட்டோடு பேச இரண்டு மொழியும் வேண்டியிருக்கும், தானாக வந்துவிடும்.

முதல் வாரத்துக்கு இவை போதும்: விலை கேட்க ‘கீயத?’, பஸ்ஸில் இறங்க ‘மெதன பஹினவா’, நன்றிக்கு ‘ஸ்தூதி’, திணறும்போது ‘மட்ட சிங்ஹல டிகக் புளுவன்’, எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும் என்பது. கடைசி வாக்கியத்துக்குப் பிறகு எதிரில் இருப்பவரின் குரலே மாறிவிடும். இளையவரை ‘மல்லி’, ‘நங்கி’ என்பார்கள். உங்களை யாராவது ‘அய்யா’ என்றால் மரியாதையில் பெரியவராக்கவில்லை, அண்ணன் என்கிறார்கள். அக்கா எல்லோருக்கும் அக்காதான். வகுப்பில் தமிழ் மாணவர்கள் ஒரு பக்கமும் சிங்கள மாணவர்கள் ஒரு பக்கமும் இருப்பதைப் பார்ப்பீர்கள். மொழிவாரியான பள்ளிக்கூடங்களில் பதின்மூன்று வருடம் படித்துவிட்டு வருகிறவர்கள் அவர்கள். எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லாத நீங்கள் வாரத்தில் ஒரு நாளாவது மற்றப் பக்கத்தில் போய் இருங்கள்.

மீதிக் குறிப்புகள்

பணம்: சுப்பர்மார்க்கெட்டில் கார்ட் எடுப்பார்கள், ஒழுங்கைக் கடையில் காசுதான். இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு 2024 பெப்ரவரியிலிருந்து லங்கா கியூஆர் பலகை உள்ள கடைகளில் யூபிஐ மூலம் கட்டும் வசதி வந்திருக்கிறது. வாடகையை அதில் கட்ட முடியாது. பிளக்: பழைய வீடுகளில் இந்தியாவில் உள்ளது போன்ற வட்ட ஊசி, புதிய ஃப்ளாட்டுகளில் சதுர ஊசி, இரண்டுக்கும் பொருந்தும் அடப்டர் ஒன்றைப் புறக்கோட்டையில் வாங்குங்கள். நுளம்பு: டெங்கு இந்த நகரத்தின் நிரந்தரக் குடியிருப்பாளர். மழைக்குப் பிறகு காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பரசிட்டமோல் தவிர வேறு வலிமாத்திரை போடாதீர்கள். அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, இலவசம், பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

விடுமுறைகளைத் தெரிந்து வைத்திருங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, பொது விடுமுறை; மதுவும் இறைச்சியும் விற்கமாட்டார்கள். ஆடியில் வேல் விழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டி வரும்போது காலி வீதி நகராது. அன்று பஸ்ஸை மறந்துவிட்டுத் தேரைப் பாருங்கள். கொட்டாஞ்சேனைக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கூட்டம். சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பு காலியாகும். ஏப்ரல் 12இலிருந்து மூன்று நாலு நாளுக்குச் சமைக்கச் சாமான் வாங்கி வையுங்கள், பார்சல் அக்காவும் ஊருக்குப் போய்விடுவார். யாராவது வகுப்புத் தோழர் தன் ஊருக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். யாழ்ப்பாணத்துக்கான இரவு பஸ்கள் வெள்ளவத்தையிலிருந்தே புறப்படும், ரயிலென்றால் யாழ்தேவி. பண்டிகைக்கு முந்திய வாரம் டிக்கெட் கிடைக்காது, ஒரு மாதம் முன்பே எடுக்க வேண்டும்.

போகும்போது: அறையைக் காலி செய்வதை ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள், கடைசி மின்பட்டியலைக் கட்டிவிட்டு ரசீதைக் காட்டி அட்வான்ஸை வாங்குங்கள். மின்விசிறி, கேத்தல், பாத்திரங்களை அடுத்து வரும் மாணவருக்குக் கொடுங்கள், விற்கப் பார்த்தால் அலைச்சல்தான் மிச்சம். நூலகப் புத்தகம் ஒன்று நிலுவையில் இருந்தாலும் பெறுபேற்றுச் சான்றிதழை நிறுத்திவைப்பார்கள். நிலுவை எதுவும் இல்லாவிட்டாலும் அந்தச் சான்றிதழ் வர மாதங்கள் ஆகலாம். உங்கள் பெயரில் அதைப் பெற்று அனுப்பும்படி கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவருக்குக் கையொப்பமிட்ட அதிகாரக் கடிதமும் கடவுச்சீட்டின் பிரதியும் கொடுத்துவிட்டு விமான நிலையத்துக்குப் புறப்படுங்கள்.